துயில் மீளும் வழி: மனச்சோர்வு மருந்திலிருந்து விடுபடுதலின் வரலாறு

சிங்கப்பூர்த் தீவின் வடகோடியில், ஜோகூர் நீரிணையை நோக்கி அமைந்த வட்டாரம் மார்சிலிங். 1970களில் இங்கே அடுக்குமாடி வீடுகள் எழத் தொடங்கின. இதற்குக் கிழக்கே, செம்பவாங் கரையில், 1938ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்தது. தமிழரும் மலையாளிகளும் அத்தளத்தில் பெருந்தொகையினராய் உழைத்தனர். 1971இல் பிரிட்டிஷ் படை விலகிய பின்னர், தளத்தின் சங்கொலி நின்றது. ஆனால் வடபகுதி மக்களின் வாழ்வை ஆளும் கடிகாரம் நிற்கவில்லை. 1924ஆம் ஆண்டு முறைப்படி திறக்கப்பெற்ற ஜோகூர்ப் பாலத்தின் வழியே, விடியுமுன்பே தொழிலாளர் அலையலையாய் வருகின்றனர். 1996இல் மார்சிலிங்குக்கு ரயில் வந்தது முதல், நகரின் தென்கோடியில் வேலை செய்வோரும் இருள் பிரியுமுன் எழுந்து புறப்படும் வழக்கம் வேரூன்றிவிட்டது. முறைவேலை செய்வோர் ஒரு வாரம் பகலிலும் மறு வாரம் இரவிலும் உறங்குகின்றனர்.

இத்தகைய வட்டாரத்தில் உறக்கம் என்பது ஓய்வு மட்டுமன்று, பிழைப்பின் முதலீடு. அம்முதலீடு கரைந்துபோகும் சூழல்கள் பல. அவற்றுள் பலரும் வாய்திறந்து பேசாத ஒன்றை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. மனச்சோர்வு நோய்க்கு மருந்துண்டு குணமடைந்த ஒருவர், அம்மருந்தை விட்டுவிட விரும்புகிறார். சில நாட்களில் உறக்கம் போய்விடுகிறது. கண்ணயர்ந்தாலோ கொடுங்கனவுகள். நள்ளிரவு மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து, “பழைய நோய் திரும்பிவிட்டதோ?” என்று அஞ்சுகிறார். வீட்டாரும் அவ்வாறே அஞ்சுகின்றனர். அது நோயின் மீள்வருகையா, அன்றி மருந்தின் பிரிவால் உடல் அடையும் தடுமாற்றமா? இவ்வினாவுக்கு விடை காண மருத்துவ உலகுக்கே அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த அறுபது ஆண்டு வரலாற்றையும், அதற்கு முன்னர் இத்தீவில் விடுபடுதல் குறித்து நிலவிய எண்ணங்களையும் ஒருங்கே வைத்து நோக்கினாலன்றி அவ்வச்சம் தெளியாது.

புகலிடத்திலிருந்து மருத்துவமனைக்கு

சிங்கப்பூரில் மனநோயாளிகளுக்கென எழுந்த முதல் மருத்துவமனை 1841ஆம் ஆண்டினது. பிராஸ் பாசா சாலையும் பென்கூலன் தெருவும் கூடும் இடத்தில் அது இருந்தது. அதற்கு முன்னர் மனநோயுற்றோர் சிறையில் அடைக்கப்பட்டனர். சிறையில் இருந்த ஒருவர் மற்றொருவரைக் கொன்றுவிட்ட நிகழ்ச்சியே தனி இடம் வேண்டும் என்ற எண்ணத்தை அரசுக்குத் தந்தது. ஆகவே முதல் மருத்துவமனை இரக்கத்தால் மட்டும் பிறந்ததன்று, அச்சத்தாலும் பிறந்தது. பின்னர் 1862இலும் 1887இலும் புதிய கட்டடங்கள் எழுந்தன. 1928இல் ஈயோ சூ காங் சாலையில் பெரிய மனநோய் மருத்துவமனை திறக்கப்பெற்றது. 1951ஆம் ஆண்டு அதற்கு ‘உட்பிரிட்ஜ்’ என்று பெயரிட்டனர். நோயின் பெயரை மருத்துவமனையின் பெயரிலிருந்து நீக்கினால் மக்களின் கூச்சம் குறையும் என்பது அப்பெயர் மாற்றத்தின் நோக்கம். ஆனால் காலப்போக்கில் அப்பெயரே ஏச்சுச்சொல்லாயிற்று. 1993இல் மருத்துவமனை புவாங்கோக்குக்கு இடம்பெயர்ந்து மனநலக் கழகம் எனப் பெயர் பெற்றது.

1950கள் வரை இத்தகைய மருத்துவமனைகளில் உலகெங்கும் கையாளப்பட்டவை பெரும்பாலும் துயில் தரும் மருந்துகளே. 1869இல் குளோரல் ஹைட்ரேட் என்னும் மருந்து மருத்துவத்திற்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்பிட்டுரேட் இனத்து மருந்துகள் வந்தன. இவை உறக்கத்தை வரவழைத்தன. ஆனால் போகும்போது உறக்கத்தையும் உடன்கொண்டு சென்றன. பார்பிட்டுரேட்டை நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்தினால் உறக்கமின்மையும் நடுக்கமும் வலிப்பும் கூட உண்டாகும் என்பதை அமெரிக்காவில் ஹாரிஸ் இஸ்பெல் குழுவினர் 1950இல் ஆய்ந்து நிறுவினர். கொடுப்பதில் மருத்துவம் காட்டிய விரைவை, எடுப்பதில் அது காட்டவில்லை. இக்குறை பின்னும் தொடரக் காண்போம்.

அபின் கற்பித்த பாடமும் பிழைபாடும்

விடுபடுதல் என்றதும் சிங்கப்பூர் மக்களின் நினைவுக்கு வருவது மருத்துவமனை அன்று, அபின். காலனி அரசின் வருவாயில் பெரும்பங்கு அபினிலிருந்தே நெடுங்காலம் வந்தது. 1910ஆம் ஆண்டு அரசே அவ்வாணிகத்தை ஏற்று நடத்தத் தொடங்கியது. அதே 1910இல் இங்குள்ள மருத்துவப் பள்ளியில் முதன்முதலாகத் தேறிய குழுவில் ஒருவரான டாக்டர் சென் சூ லான், அபினுக்கு எதிராக நெடிது போராடினார். 1933ஆம் ஆண்டு கம்போங் ஜாவா சாலையில் அபின் ஒழிப்பு மருந்தகம் ஒன்றை அவர் நடத்தினார். போருக்குப் பின்னர், 1946இல் அபின் புகைத்தல் தடைசெய்யப்பட்டது. 1955இல் செயின்ட் ஜான்ஸ் தீவில் அபின் பழக்கத்தவர்க்கான சிகிச்சை நிலையம் தொடங்கிற்று. அபினை விட்டவர்க்கு உடல் வலி, வியர்வை, வயிற்றுப்போக்கு ஆகியவற்றோடு பல நாள் உறக்கமின்மையும் உண்டு.

தமிழர் வாழ்வில் அபினைக் காட்டிலும் கள்ளே பெருங்கேடாக இருந்தது. சீர்திருத்த எண்ணங்கொண்டோர் தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்த தமிழரிடையே மதுவிலக்கை வற்புறுத்தினர். மன உறுதியே பழக்கத்தை வெல்லும் என்பது அக்கால மேடைகளின் முழக்கம். 1970களில் ஹெராயின் பரவியபோது நாடு கடுமையாக எதிர்த்தது. 1971இல் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு நிறுவப்பட்டது. 1973இல் போதைப்பொருள் சட்டம் வந்தது. 1977இல் பெரும் தேடுதல் வேட்டை நடைபெற்றது. மறுவாழ்வு நிலையங்களில் பிடிபட்டோரின் பழக்கம் மாற்று மருந்தின்றி ஒரேயடியாக நிறுத்தப்பட்டது.

இந்நிகழ்ச்சிகள் ஒரு தலைமுறையின் உள்ளத்தில் இரண்டு கருத்துகளை ஊன்றின. ஒன்று, ஒரு பொருளை விட்டதும் உடல் துன்புற்றால் அவர் அப்பொருளுக்கு அடிமை என்பது. மற்றொன்று, விடுவதாயின் ஒரே நாளில் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிடவேண்டும் என்பது. போதைப் பொருளை நோக்கி எழுந்த இவ்விரு கருத்துகளையும் மனச்சோர்வு மருந்தின்மீது சுமத்தியதே இன்றுவரை பல குடும்பங்களின் துன்பத்திற்குக் காரணம். ஏனெனில் அடிமைத்தனம் வேறு. உடலின் சார்பு வேறு. அடிமைப்பட்டவன் பொருளைத் தேடி அலைகிறான். அளவை மேன்மேலும் கூட்டுகிறான். கேடு வருமென்று அறிந்தும் விடமாட்டான். மனச்சோர்வு மருந்து உண்பவர் அதற்காக ஏங்குவதில்லை. அதனால் களிவெறி கொள்வதுமில்லை. எனினும், மாதக்கணக்கில் ஒரு மருந்தோடு வாழ்ந்த மூளை, அம்மருந்து இருப்பதாகவே கொண்டு தன்னைச் சரிக்கட்டிக் கொள்கிறது. மருந்து திடீரென மறைந்தால் அச்சரிக்கட்டு மட்டும் எஞ்சி நிற்கிறது. அதுவே சார்பு. இதில் ஒழுக்கக் குறை எள்ளளவும் இல்லை.

இந்திய வேர் ஒன்றும் இரண்டு மருந்துகளும்

மனத்தை மாற்றும் மருந்துகளின் புதிய காலத்திற்கு ஓர் இந்திய மூலிகையும் வழிவகுத்தது என்பதைத் தமிழ் மாணவர் அறிதல் தகும். சர்ப்பகந்தா என்னும் செடியின் வேரைப் பித்துற்றோர்க்கும் உறங்காதோர்க்கும் கொடுத்துவந்தனர் நம் நாட்டு மருத்துவர். 1931ஆம் ஆண்டு கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர் அவ்வேரின் பயனை ஆங்கில மருத்துவ இதழில் எழுதினர். அதே ஆண்டில் டெல்லியில் சலிமுஸ்ஸமான் சித்திகியும் உடன் ஆய்ந்தவரும் அதன் வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்து, அவற்றுள் ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக ‘அஜ்மலின்’ எனப் பெயரிட்டனர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் இரத்தக் கொதிப்பில் அவ்வேரின் பயனைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் விளக்கினார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர் அதிலிருந்து ரெசர்ப்பின் என்னும் பொருளைப் பிரித்தனர். 1954இல் நியூயார்க்கில் நேதன் கிளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பயனை வெளியிட்டார்.

ரெசர்ப்பின் மூளையிலுள்ள செரோட்டோனின் முதலிய பொருள்களைக் குறைக்கிறது என்று 1955இல் கண்டனர். அதை உண்டோரில் சிலர் மனச்சோர்வுற்றதாகவும் செய்திகள் வந்தன. ஆகவே அப்பொருள்களின் குறைவே மனச்சோர்வு என்ற கருத்து எழுந்தது. அவ்வளவு எளிய விளக்கம் போதாது என்பது பிற்கால ஆய்வுகளின் முடிவு. ஆயினும் பல பத்தாண்டுகள் மருந்தாக்கத்தை வழிநடத்தியது அக்கருத்தே.

மனச்சோர்வு மருந்துகள் இரண்டும் தற்செயலாகவே கிடைத்தன. காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியாசிட் என்னும் மருந்து 1952இல் நியூயார்க் நோயாளிகளிடையே எதிர்பாராத உற்சாகத்தை உண்டாக்கிற்று. 1957இல் கிளைன் அதனை மனச்சோர்வுக்குரிய மருந்தாக அறிவித்தார். அதே ஆண்டில், சுவிட்சர்லாந்தின் மியூன்ஸ்டர்லிங்கன் மருத்துவமனையில் ரோலண்ட் கூன் என்பவர், வேறொரு நோய்க்கெனச் சோதிக்கப்பட்ட இமிப்ரமின் மனச்சோர்வைத் தணிக்கக் கண்டு எழுதினார். நோயாளிகளைப் பல நாள் அருகிருந்து கேட்டு, அவர் சொல்லிய மாற்றங்களைக் குறித்துக்கொண்டதே கூனின் ஆய்வுமுறை.

அறிந்தும் மறந்த ஓர் உண்மை

இமிப்ரமின் வந்த இரண்டே ஆண்டுகளில், அதாவது 1959இல், அதை நிறுத்தியோர்க்குக் குமட்டல், தலைசுற்றல், உறக்கமின்மை ஆகியன தோன்றுவதை மருத்துவர் கண்டனர். 1961ஆம் ஆண்டு கிரேமர், கிளைன், ஃபிங்க் என்னும் அமெரிக்க மருத்துவர் மூவர் இதனைத் தனிக் கட்டுரையாகவே வெளியிட்டனர். இங்குக் குறித்த கிளைன் முன்னர்க் கூறிய நேதன் கிளைன் அல்லர், டொனால்ட் கிளைன். ஆக, மருந்தின் பிறப்போடு ஏறத்தாழ உடன்பிறந்தது இவ்வறிவு. எனினும் அது பாடநூல்களின் அடிக்குறிப்பாய் ஒடுங்கிக் கிடந்தது.

1987இன் இறுதியில் ஃபுளுவாக்செட்டின் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதனையடுத்துச் செர்ட்ராலின், பேராக்செட்டின், சிட்டலோப்ராம், வென்லாஃபாக்சின் முதலியன வந்தன. முந்திய மருந்துகளைவிட இவற்றால் நேரும் உடனடி இடர்கள் குறைவாதலின், இவை குடும்ப மருத்துவரின் கைக்கும் எளிதில் வந்தன. 1990களின் நடுவில், இவற்றை நிறுத்தியோரின் துன்பத்துக்கு ‘நிறுத்த அறிகுறித் தொகுதி’ என்ற பெயர் வழங்கலாயிற்று. ‘விலகல் துன்பம்’ என்றால் அபின் நினைவு வருமாதலின் மருந்து நிறுவனங்களுக்கு மென்மையான பெயர் உவப்பாயிற்று. 2002இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சி பேராக்செட்டின் குறித்த நிகழ்ச்சி ஒன்றை ஒளிபரப்பியபோது, தாங்களும் அவ்வாறே துன்புற்றதாக ஆயிரக்கணக்கானோர் எழுதினர். இருந்தும் 2004ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வழிகாட்டி, அறிகுறிகள் பெரும்பாலும் இலேசானவை என்றும், ஏறத்தாழ ஒரு வாரத்தில் தாமே நீங்கும் என்றுமே கூறிற்று. இரண்டு மாதமாய் உறங்காத ஒருவர் இவ்வரியைப் படித்தால் என்ன முடிவுக்கு வருவார்? “ஒரு வாரம் கழிந்துவிட்டது, ஆகவே இது மருந்தின் விளைவன்று, என் நோயே” என்றுதானே எண்ணுவார்? மருத்துவரும் அவ்வாறே எண்ணி மருந்தை மீண்டும் தொடங்கினார். மருந்து தொடங்கியதும் உறக்கம் திரும்பியது. அதுவே நோய் மீண்டதற்குச் சான்றாகவும் கொள்ளப்பட்டது. இச்சுழலில் சிக்கி ஆண்டுகள் பலவற்றைக் கழித்தோர் உண்டு.

2019இல் இங்கிலாந்தின் அரச மனநல மருத்துவர் கல்லூரி தன் நிலையை மாற்றிக்கொண்டது. சிலர்க்கு அறிகுறிகள் கடுமையாகவும் நெடுநாளும் நீடிக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் வழிகாட்டியும் திருத்தம் பெற்றது. எத்துணைப் பேர்க்கு இத்துன்பம் நேரும் என்பதில் கருத்து வேறுபாடு இன்றும் உண்டு. 2024இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 79 ஆய்வுகளில் அடங்கிய ஏறத்தாழ 21,000 பேரின் செய்திகளை நோக்கியது. மருந்தை நிறுத்தியோரில் 31 விழுக்காட்டினர்க்கு ஏதேனும் ஓர் அறிகுறி தோன்றிற்று. வெறும் மாவு மாத்திரையை நிறுத்தியோரிலும் 17 விழுக்காட்டினர்க்குத் தோன்றிற்று. கடுமையான துன்பம் ஏறத்தாழ 35 பேரில் ஒருவர்க்கு. ஆனால் அவ்வாய்வில் அடங்கியோரில் பலர் சில மாதங்களே மருந்துண்டவர். பல்லாண்டு உண்டவர்க்கு இடர் மிகுதி என்று கருதும் ஆய்வாளரும் உளர். இரு சாராரையும் கேட்டால் தெளிவாவது இது: பெரும்பாலோர்க்குப் பெருந்துன்பமில்லை, துன்புறும் சிறுபாலோரின் துன்பம் பொய்யன்று.

உறக்கம் ஏன் கலைகிறது?

1953ஆம் ஆண்டு சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறக்கத்தில் கண்விழிகள் விரைந்து அசையும் ஒரு பருவம் உண்டு என்று கண்டனர். தெளிவான கனவுகள் பெரிதும் அப்பருவத்தில் நிகழ்கின்றன. மனச்சோர்வு மருந்துகளுள் பெரும்பாலானவை இக்கனவுப் பருவத்தைக் குறைக்கின்றன. மருந்து நீங்கியதும், அடைத்த மடை திறந்தாற்போல் அப்பருவம் மிகுந்து பாய்கிறது. கொடுங்கனவும், அடிக்கடி விழிப்பும், விடியலில் களைப்பும் இதன் பயன். ஆகவே மருந்தை விட்டவர் காணும் பேய்க்கனவு தீய நிமித்தம் அன்று. மூளை தன் பழைய கணக்கை நேர்செய்யும் முயற்சி.

மருந்தின் ஆயுளும் இதில் பங்கு கொள்கிறது. பேராக்செட்டினும் வென்லாஃபாக்சினும் உடலிலிருந்து விரைந்து நீங்குவன. அவற்றை விட்டவர்க்குச் சில நாட்களிலேயே தொல்லை தொடங்கக்கூடும். ஃபுளுவாக்செட்டின் வாரக்கணக்கில் உடலில் தங்குவது. அதனால் அதன் பிரிவு பொதுவாக மெல்ல நிகழ்கிறது. அறிகுறிகள் தோன்றினும் காலந்தாழ்த்தியே தோன்றும்.

எவ்வாறு குறைப்பது என்பதில் 2019இல் ஹொரொவிட்ஸ், டெய்லர் என்னும் இருவர் எழுதிய கட்டுரை ஒரு திருப்பம். சிட்டலோப்ராம் மருந்தை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் உண்டால், மூளையிலுள்ள செரோட்டோனின் கடத்திகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு மருந்தின் பிடியில் இருக்கின்றன. அளவைப் பாதிக்கும் சற்றுக் குறைவாய் 9 மில்லிகிராம் ஆக்கினாலும் பிடி 70 விழுக்காட்டுக்கே இறங்குகிறது. 5 மில்லிகிராமில் கூட ஏறத்தாழ 60 விழுக்காடு நிற்கிறது. அங்கிருந்து ஒரேயடியாக நிறுத்தினால் அந்த 60 விழுக்காடும் ஒருங்கே சரிகிறது. மாடிப்படிகளில் இறங்குபவர்க்கு மேற்படிகள் எல்லாம் ஒரு சாண் உயரமாயிருக்க, கடைசிப்படி மட்டும் ஓர் ஆள் உயரமாயிருந்தால் எப்படியோ அப்படி. ஆகவே தொடக்கத்தில் ஓரளவு விரைந்து குறைப்பினும், இறுதியில் அளவு சிறிதாகச் சிறிதாகக் குறைப்பின் அளவும் சிறிதாக வேண்டும். மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பழகிய நமக்கு இது புதுமை. சில மருந்துகள் நீர்ம வடிவில் கிடைப்பது இதற்கு உதவும். ஒருநாள் விட்டு ஒருநாள் உண்பது சிக்கனமாகத் தோன்றினும், விரைந்து நீங்கும் மருந்தில் அது நாள்தோறும் ஒரு சிறு பிரிவையே உண்டாக்கும்.

நோயா, விலகலா?

இரண்டையும் வேறுபடுத்தும் குறிகள் சில உள. விலகல் அறிகுறி அளவைக் குறைத்த சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ தோன்றும். தலைசுற்றல், தலைக்குள் மின்னல் பாய்ந்தாற்போன்ற அதிர்ச்சி, குமட்டல், காரணமற்ற எரிச்சல் போன்ற, முன்பு நோயில் இல்லாத குறிகள் உடன்வரும். முந்திய அளவுக்குத் திரும்பினால் சில நாட்களில் தணியும். நோயின் மீள்வருகையோ பெரும்பாலும் வாரங்களும் மாதங்களும் கடந்து, மெல்ல மெல்ல, பழைய துயரத்தின் வடிவிலேயே வரும். உறக்கமின்மை இரண்டுக்கும் பொதுவாதலின், அதை மட்டும் வைத்துத் தீர்ப்புக் கூறலாகாது. எந்நாளில் எவ்வளவு குறைத்தோம், எந்நாளில் உறக்கம் கலைந்தது, வேறென்ன குறி கண்டோம் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவருவது மருத்துவர்க்கும் நோயாளிக்கும் பெருந்துணை.

மறுபக்கத்தையும் மறைத்தல் கூடாது. பிரிட்டனில் 478 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மருந்தைத் தொடர்ந்தோரில் 39 விழுக்காட்டினர்க்கும், நிறுத்தியோரில் 56 விழுக்காட்டினர்க்கும் ஓராண்டுக்குள் நோய் திரும்பிற்று. நிறுத்தல் எல்லார்க்கும் ஏற்றதன்று என்பதும், நிறுத்தியோரில் நூற்றுக்கு நாற்பத்து நால்வர் நோயின்றி இருந்தனர் என்பதும் ஆகிய இரண்டுமே இவ்வெண்களில் உள்ளன. ஆதலின் விடுவதா, தொடர்வதா என்பது மருத்துவரோடு அமர்ந்து ஆராயவேண்டியதேயன்றி, மாத்திரைப் பெட்டியைக் குப்பையில் எறிந்து முடிவுசெய்வதன்று.

பள்ளி என்னும் சொல்

தமிழில் ‘பள்ளி’ என்பது படுக்கும் இடத்தையும் குறிக்கும், கற்கும் இடத்தையும் குறிக்கும். பள்ளியறை, பள்ளியெழுச்சி என்னும் சொற்களில் முதற்பொருள் இன்றும் வாழ்கிறது. உறக்கத்தையும் மீண்டும் கற்கலாம் என்பதே இன்றைய உறக்க மருத்துவத்தின் அடிப்படை. 1972இல் ரிச்சர்ட் பூட்சின் வகுத்த முறையின் சாரம் எளிது. படுக்கை உறங்குவதற்கே உரியது. கவலைப்படுவதற்கும் கைப்பேசி பார்ப்பதற்கும் உரியதன்று. உறக்கம் வந்தபின்பே படுக்கவேண்டும். சிறிது நேரம் புரண்டும் வராவிடில் எழுந்து மங்கிய ஒளியில் அமைதியாக ஏதேனும் செய்து, கண் சொருகும்போது திரும்பவேண்டும். எத்துணைக் குறைவாக உறங்கினாலும் காலையில் குறித்த நேரத்தில் எழவேண்டும். பகலில் நெடிது உறங்கலாகாது. இத்தகைய பயிற்சிகளைச் சேர்த்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சையையே நெடுநாள் உறக்கமின்மைக்கு முதல் மருத்துவமாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது.

நம் வட்டார வாழ்வுக்கு ஏற்ப இதனைப் பொருத்திக்கொள்ளலாம். மாலைக்குப் பின் காப்பிக்கடையின் கோப்பியும் தேயும் விலக்கத்தக்கவை. விடியலில் புளோக்கின் கீழே இறங்கி அரைமணி நேரம் வெயிலொளியில் நடப்பது உடலின் கடிகாரத்தை நிறுத்திவைக்கும் நங்கூரம். உறக்கத்திற்கென மது அருந்துவது, கனவுப் பருவத்தை மீண்டும் அடக்கிப் பின்னிரவில் இரட்டிப்பாய்த் திருப்பித் தரும். முறைவேலை மாறும் வாரத்திலும், தேர்வுக் காலத்திலும், வீட்டில் துயரம் நேர்ந்த காலத்திலும் மருந்தளவைக் குறைக்கத் தொடங்காதிருத்தல் நன்று. தூக்க மாத்திரையைத் துணைக்கு அழைத்தால், பின்னர் அதனிடமிருந்தும் விடுபட வேண்டியிருக்கும். சிராங்கூன் சாலையின் நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதாயினும் சரி, எம்மூலிகையையும் மருத்துவரிடம் கூறாமல் சேர்த்துக்கொள்ளலாகாது. உயிரை வெறுக்கும் எண்ணமோ, பல நாள் உறங்காமலே கட்டுக்கடங்கா ஊக்கமோ தோன்றினால், காலம் தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

நான்காம் உறுப்பு

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பகுக்கிறது: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன். மனச்சோர்வு மருந்துகளின் வரலாற்றை இந்நான்கோடு பொருத்திப் பார்த்தால் குறை எங்கே என்பது விளங்கும். மருந்து விரைந்து வளர்ந்தது. மருத்துவன் கொடுக்கக் கற்றான். நோயாளி சொன்னதோ 1961இல் ஏட்டிலேறியும் 2019 வரை போதிய செவி பெறவில்லை. அருகிருப்போனுக்கு எவரும் எதுவும் கற்பிக்கவில்லை.

சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டின் மனநல ஆய்வு, நூறு பேரில் 5.8 பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் கடும் மனச்சோர்வுக்கு ஆளாயினர் என்றது; 2016ஆம் ஆண்டின் ஆய்வில் அது 6.3 ஆயிற்று. ஒரு புளோக்கில் நூறு பெரியவர் வாழ்வராயின், அவருள் ஆறு பேர் இத்துன்பத்தை அறிந்தவராய் இருக்கலாம். அவர்தம் சிகிச்சை பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. அச்சம் தமிழில் நிகழ்கிறது. மருத்துவர் கூறும் சொல்லுக்கு வீட்டில் நிகரான சொல் இல்லாதபோது, ‘பைத்தியம்’, ‘போதை’, ‘அடிமை’ என்னும் பழஞ்சொற்களே அவ்விடத்தில் வந்து அமர்கின்றன. ‘விலகல் அறிகுறி’, ‘உடற்சார்பு’, ‘நோய் மீள்வருகை’ ஆகிய சொற்களைத் தமிழாசிரியர் வகுப்பறையில் பொருள் விளங்க வழங்கிவரின், அவை மாணவர் வழியே வீடுகளுக்குச் செல்லும்.

மூன்று மணிக்கு விழித்திருக்கும் தாயிடம், “அம்மா, போன வாரம் அளவைக் குறைத்தீர்கள் அல்லவா? அதனால் இருக்கலாம், குறித்து வைப்போம், காலையில் டாக்டரிடம் கேட்போம்” என்று ஒரு மகளால் சொல்ல முடியுமாயின், அறுபது ஆண்டுகளாக மருத்துவம் தட்டுத்தடுமாறிக் கற்ற பாடம் அவ்வீட்டை வந்தடைந்துவிட்டது எனலாம். விடுபடுதல் ஓட்டப்பந்தயமன்று, அதில் பின்வாங்குவது தோல்வியுமன்று. குறைத்த அளவைச் சிறிது கூட்டி, உடல் தேறியபின் மீண்டும் மெல்ல இறங்குவோரும் கரை சேர்கின்றனர். மருந்தைத் தொடர்ந்து உண்டு நலமாக வாழ்வோரும் கரை சேர்ந்தவரே.